ஒண்ணுன்னா ஆமா, ரெண்டுன்னா இல்ல

“சத்தத்தக் கூட்டு. இன்னும் கொஞ்சம். இப்ப நான் பேசுறது கேக்குதா?”

சின்னவள் பதில் சொல்லவில்லை. கேட்காததால் சொல்லவில்லையா, கேட்டும் கேட்காதவள்போல் உட்கார்ந்திருக்கிறாளா என்று பெரியவளுக்கு உடனே சந்தேகம் வந்தது. தங்கையின் காதில் மாட்டியிருந்த ஹெட்போனுக்குப் பக்கத்தில் குனிந்து, “உன் புருஷனுக்குப் பின்மண்டையில நல்லா வழுக்கை விழுந்துடுச்சு” என்றாள். வாசலோரம் நின்றிருந்த மாப்பிள்ளையின் கை தானாகப் பின்மண்டைக்குப் போனது. சின்னவளின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சரி, கேட்கவில்லை.

அடுத்தது கண். மெல்லிய துப்பட்டாவை நாலாக மடித்து, மூக்கின் ஓரம் வெளிச்சம் நுழையாதபடி இழுத்துக் கட்டினாள். தங்கையின் முகத்துக்கு முன்னால் விரலைக் கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தாள். இமைக்கிறாளா என்று துப்பட்டாவுக்கு மேலே தடவியும் பார்த்தாள். உயிர் போய்க்கொண்டிருக்கிற வீட்டில் கண்ணாமூச்சி விளையாட்டு நடக்கிறது என்று யாராவது உள்ளே வந்து பார்த்திருந்தால் நினைத்திருப்பார்கள்.

அப்பா ஹாலின் நடுவில், வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார். வாய் பாதி திறந்திருந்தது. மூச்சு வரும், நிற்கும், யோசித்துவிட்டு மறுபடி வரும். இன்றைக்கோ நாளைக்கோ என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பாவின் இடது கை சின்னவளின் இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்தது. பக்கவாதம் வந்து பேச்சு போன நாளிலிருந்து அந்தக் கைதான் அவருக்கு வாய் என்பது சின்னவளின் கட்சி. கேள்வி கேட்டால் அவர் அவள் கையை அமுக்குவார். ஒரு அமுக்கு என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை.

இப்படித்தான் அப்பாவுக்குத் தண்ணீர் வேண்டும் என்றும், ஃபேன் வேண்டாம் என்றும், செய்தி சேனலை மாற்று என்றும் தெரிந்தது. போன வாரம், ஆஸ்பத்திரி போதும், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்றும் கைதான் சொன்னது. குழாய்களைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தச் செய்தியைத் தொலைபேசியில் கேட்டபோது பெரியவள் கேட்ட முதல் கேள்வி, “வீட்டுக்குப் போகணும்னு சொன்னது யாரு? அவரா, நீயா?” என்பதுதான்.

மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.

இன்று காலையில் அவள் ஊரிலிருந்து வந்து இறங்கியபோது, செருப்பைக் கழற்றக்கூட விடாமல் சின்னவள் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, காலைல உன் விஷயத்தக் கேட்டேன். உன் மேல கோவம் இல்லியாம். சத்தியமாச் சொல்றேன், நல்லாத் தெரிஞ்சுது.”

பெரியவளுக்கு அழுகை வந்தது. அதற்கு முன்னால் சந்தேகம் வந்துவிட்டது. அவளுக்கு எப்போதும் அந்த வரிசைதான்.

சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். குழந்தைகள் எப்படிப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆராய்கிறவர்கள் எழுதும் கட்டுரைகள் அச்சுக்குப் போகும் முன் அவளிடம் வரும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இருநூறு சொல் தெரியும் என்று ஒருவர் எழுதியிருப்பார். எண்ணியது யார், அம்மாவா என்று கேட்பாள். அம்மாக்கள் எண்ணினால் பூனைக்குட்டிக்குக்கூட நாற்பது சொல் தெரியும். அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், ஆனால் அவளுக்குத் தெரியும். கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்தக் கண்கட்டும் பாட்டும்கூட அந்த ஆராய்ச்சிகளில் வழக்கமாகச் செய்வதுதான். குழந்தையை அம்மா மடியில் உட்காரவைத்து எதிரே இரண்டு படம் காட்டி, நாய் எங்கே என்று கேட்பார்கள். குழந்தை நாயைப் பார்த்தால் அந்தச் சொல் அதற்குத் தெரியும் என்று கணக்கு. ஆனால் அம்மா முந்திக்கொண்டு நாயைப் பார்த்துவிட்டால் காரியம் கெட்டது. அவள் தொடை ஒரு நூல் அந்தப் பக்கம் சாயும், மடியில் இருக்கிற கள்ளன் அதை மோப்பம் பிடித்துவிடுவான். அதனால் அம்மாவின் கண்ணைக் கட்டி, காதில் பாட்டைப் போட்டு, அவளை வெறும் நாற்காலி ஆக்கிவிடுவார்கள். இதைச் செய்யாத கட்டுரையைப் பெரியவள் இரண்டாம் பக்கம்கூடப் புரட்டுவதில்லை.

சின்னவள் இந்தப் பரிசோதனைக்குச் சம்மதித்ததுதான் ஆச்சரியம். “பண்ணிக்கோ. நீயே பாத்துக்கோ. அப்பறமாவது நம்பு” என்று சொல்லிவிட்டாள். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததிலும் பெரியவளுக்குச் சந்தேகம்.

ஏனென்றால் அக்கா தங்கைக்கு நடுவே இது முதல் பரிசோதனை இல்லை.

சின்னவளின் மகள் பாப்பா. பாப்பா என்றாலும் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பில் இருக்க வேண்டிய வயசு. பிறந்ததிலிருந்து பேச்சு இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மையத்தில் சேர்த்தார்கள். பேசாத குழந்தையின் மணிக்கட்டை ஓர் உதவியாளர் தாங்கிப் பிடித்துக்கொள்வார். குழந்தை எழுத்துப் பலகையைத் தொட்டுத் தொட்டு எழுதும். அங்கேதான் ஒருநாள் பாப்பா, “அம்மா உன் குரல் எனக்குப் பிடிக்கும்” என்று எழுதினாள். சின்னவள் அன்றைக்கு நடுத்தெருவில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அக்காவுக்குப் போன் போட்டு, பேச முடியாமல் வெறுமனே அழுதாள்.

அதே மையத்தின் ஆய்வுக் கட்டுரை சில மாதம் கழித்துப் பெரியவளின் மேஜைக்கு வந்தது. வேறு யாருக்காவது தள்ளிவிட்டிருக்கலாம். இது என் தங்கை மகள் போகிற இடம் என்று மேலதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்தாள். அவர்கள், பரவாயில்லை, சோதனைக்கு என்ன வழி என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். அவள் சொன்ன வழி ரொம்ப எளியது. குழந்தைக்கு ஒரு படம் காட்டுங்கள், கையைப் பிடிக்கிறவருக்கு வேறு படம் காட்டுங்கள், ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரிய வேண்டாம். காட்டினார்கள். குழந்தை குடையைப் பார்த்தது, உதவியாளர் சாவியைப் பார்த்தார், பலகையில் சாவி என்று வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் அப்படித்தான் வந்தது. உதவியாளர்கள் யாரும் மோசடிக்காரர்கள் இல்லை. தங்கள் கைதான் எழுதியது என்று தெரிந்ததும் ஒரு பெண் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். மையத்தை மூடிவிட்டார்கள். பாப்பா எழுதிய வாக்கியத்துக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லாமல் போய்விட்டது.

சின்னவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அப்பாதான் போன் போட்டார். “அந்தப் புள்ள வாயத் தொறந்து சொன்ன மாதிரி இருந்தது அது ஒண்ணுதாம்மா. அதையும் புடுங்கிட்டியே. உனக்கு என்ன கெடச்சுது?” என்றார். வாழ்நாள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனுஷர். கத்திப் பேசத் தெரியாது. அதன் பிறகு பெரியவள் எப்போது போன் செய்தாலும் அப்பா குளித்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதர் அத்தனை தடவை குளித்தால் தோலே உரிந்திருக்கும். பக்கவாதம் வந்த பிறகு குளிக்கிற சாக்கும் போய், பேச்சும் போய்விட்டது.

இப்போது அதே தங்கை, அதே கையைப் பிடிக்கிற வித்தையை வைத்துக்கொண்டு, அப்பாவுக்குக் கோவம் இல்லை என்கிறாள். பெரியவளுக்கு அது உண்மையாக இருக்க வேண்டும். உலகத்தில் வேறு எதுவும் இத்தனை உண்மையாக இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதில்லை. அதனால்தான் அதைச் சும்மா வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை.

கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டாள். பதில் தனக்குத் தெரிந்த கேள்விகளை மட்டும் முதலில் கேட்பது என்று திட்டம். ஆமாம் என்று பதில் வரும் கேள்வி முதலிலா, இல்லை என்று வரும் கேள்வி முதலிலா என்பதைக்கூடச் சமையலறையில் காசு சுண்டிப் பார்த்து வரிசை போட்டு வைத்திருந்தாள். இவற்றுக்குக் கை சரியாகப் பதில் சொன்னால், கடைசியில் தன் கேள்வியைத் தானே கேட்பாள்.

“அப்பா, நீங்க லிஃப்ட் மெக்கானிக்கா?”

சின்னவள் தலையைச் சாய்த்து, எதையோ உற்றுக் கவனிக்கிறவள்போல இருந்தாள். காதில் பாட்டு அலறுவதால் அவளும் அலறினாள். “ரெண்டு!”

“நீங்க டாக்டரா?”

“ஒண்ணு!”

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். பெரியவள் அவரை முறைத்தாள். இவர் ஏதாவது சைகை காட்டுகிறாரோ என்றும் ஒரு சந்தேகம். ஆனால் கண் கட்டியிருப்பவளுக்கு என்ன சைகை காட்ட முடியும்? வீட்டுக்குக் கொண்டுவர இவர் ஏன் உடனே சம்மதித்தார் என்பதும் காலையிலிருந்து அவளுக்கு உறுத்திக்கொண்டிருந்தது. மனுஷர் அவள் கண்ணைப் பார்த்தே பேசவில்லை.

“இது உங்க வீடா?”

“ஒண்ணு!”

“வெளியில மழை பெய்யுதா?” ஜன்னலில் வெயில் சுட்டெரித்துக்கொண்டிருந்தது. அங்கே பாப்பா துணி மாட்டுகிற கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கம்பியில் வரிசையாகப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு!”

“நான் உங்க மூத்த பொண்ணா?”

சின்னவள் சற்று நேரம் காத்திருந்தாள். “ரெண்டு!” என்றாள்.

இதெல்லாம் வெறும் இரைச்சல், இதற்கு அர்த்தம் எதுவும் இல்லை என்று பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். மிச்சக் கேள்விகளையும் கேட்டு முடித்தாள். காசைச் சுண்டிப் பதில் சொல்லியிருந்தாலும் இவ்வளவு பதில்தான் சரியாக வந்திருக்கும். கேள்வி காதில் விழாதபோது சின்னவளுக்குப் பதிலும் தெரியவில்லை. அப்படியானால் இத்தனை நாளும் பேசியது யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒன்று மட்டும் நிச்சயமானது. சின்னவள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவள் இப்படித் தலையைச் சாய்த்துக் காத்திருக்க மாட்டாள். பொய்யாக இருந்திருந்தால் தேவலை என்று பெரியவளுக்குத் தோன்றியது. சண்டை போட்டிருக்கலாம்.

தன் கேள்வியை அவள் கேட்கவில்லை. தேறாத கருவியிடம் கேட்டு என்ன பிரயோஜனம்?

துப்பட்டாவை அவிழ்த்தாள். வெளிச்சத்துக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு சின்னவள், பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைபோல நிமிர்ந்து பார்த்தாள். “எத்தன சரி?”

“அவருக்கு அசதியா இருக்கும்” என்றாள் பெரியவள்.

“எத்தன சரிக்கா?”

“தூக்கத்துல இருப்பாரு. இந்த நேரத்துல கேட்டிருக்கக் கூடாது.”

சின்னவள் அவள் முகத்தையே பார்த்தாள். தாயில்லாத வீட்டில் அக்கா முகத்தைப் பார்த்தே வளர்ந்தவள். அதைப் படிக்க அவளுக்கு எழுத்துப் பலகை தேவையில்லை. ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அதிலிருந்து அந்தக் குத்துப்பாட்டு, மாப்பிள்ளையின் போனில் இருந்தது, இன்னும் டம்டம் என்று கசிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை ஓடிவந்து நிறுத்தினார்.

“சரி” என்றாள் சின்னவள். அப்பாவின் கையை எடுத்து, ஏதோ கண்ணாடிப் பாத்திரத்தை இறக்குவதுபோல, பத்திரமாகப் போர்வையின்மேல் வைத்தாள். எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

பிறகு அவள் அந்தக் கையைப் பிடிக்கவேயில்லை. வந்து போர்வையைச் சரி செய்தாள், உதட்டை ஈரத் துணியால் துடைத்தாள், தலையணையைத் தட்டிப் போட்டாள். கையைத் தொட வேண்டிய இடத்தில் மட்டும் சுற்றிக்கொண்டு போனாள். பெரியவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தான் பிடிக்கலாமா என்று யோசித்தாள். பிடித்தால் கேட்கத் தோன்றும். கேட்டால் ஓர் அமுக்கு வரும், அது தன்னுடையதாகத்தான் இருக்கும். அந்த மாதிரிப் பிச்சை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெயில் இறங்குகிற நேரத்தில் மூச்சு நின்றது. யோசித்துவிட்டு வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. கை சின்னவள் வைத்த இடத்திலேயே, வைத்தபடியே இருந்தது. இத்தனை பேர் இருக்கிற வீட்டில் அப்பா கையை யாரும் பிடிக்காமல் செத்துப்போனார் என்பது பெரியவளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அவள் சத்தம் போட்டுத் தங்கையைக் கூப்பிட்டாள்.

மறுநாள் காலையில் வீடு கொள்ளாத கூட்டம். “முகத்தப் பாருங்க, என்ன ஒரு நிம்மதி” என்றார் ஒரு பக்கத்து வீட்டுக்காரர். தசையெல்லாம் தளர்ந்தால் எந்த முகமும் அப்படித்தான் இருக்கும் என்று பெரியவள் வாய்வரை வந்ததை விழுங்கினாள். “பொண்ணுங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருக்கணும்னுதான் உயிர வச்சிட்டிருந்தாரு” என்றார் இன்னொருவர். எல்லாரும் பிணத்தின் சார்பில் பேசினார்கள். எல்லாருக்கும் அதன் மனசு தெரிந்திருந்தது.

வண்டி வந்து வாசலில் நின்றது. யாரோ இன்னும் வர வேண்டும் என்று காக்கச் சொன்னார்கள். மாப்பிள்ளை மெதுவாக அவள் பக்கத்தில் வந்து நின்றார். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? என் கைய அவரு ஒரு தடவகூட அமுக்குனதில்ல. நானும் எத்தனையோ தரம் பிடிச்சுப் பாத்திருக்கேன்.”

“அவகிட்ட சொல்லலியா?”

“எப்பிடிச் சொல்ல? அவ அப்பாவோட பேசிக்கிட்டிருக்கா. நடுவுல நான் யாரு?” என்றார். பிறகு, “வீட்டுக்குக் கொண்டுவரணும்னு எனக்கும் தோணுச்சு. யாரு சொன்னா என்னன்னு விட்டுட்டேன்” என்றார்.

இவரையும் நேற்று முழுக்கச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டியின் முன்னால் டிரைவர் உட்கார்ந்திருந்தார். இழவு வீடு என்று ரேடியோவை மெதுவாகத்தான் வைத்திருந்தார். தாளம் மட்டும் கேட்டது. ஸ்டியரிங்கின்மேல் அவர் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. யாரோ கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்க, விரல்கள் பதிலோடு சம்பந்தமில்லாமல் தட்டின. அவருக்கே அது தெரியவில்லை.

பெரியவள் அந்த விரல்களைப் பார்த்தாள்.

பாட்டு. மடியில் குழந்தையை வைத்திருக்கிற அம்மாவுக்குப் பாட்டுப் போடலாம், ஏனென்றால் அம்மாவுக்கு அங்கே வேலை இல்லை, அவள் நாற்காலி. சின்னவள் நாற்காலி இல்லை. அமுக்கலை உணர வேண்டியவளே அவள்தான். அவள் கண்ணையும் கட்டி, காதுக்குள் டம்டம் என்று குத்துப்பாட்டையும் அடிக்கவிட்டு, கையில் என்ன தெரிகிறது என்று கேட்டால் என்ன தெரியும்? பாட்டின் அடிதான் தெரியும். அப்பா நிஜமாகவே அமுக்கியிருந்தாலும் அது அந்த இரைச்சலில் எங்கேயோ போயிருக்கும். மடிக்குச் செய்கிற ஏற்பாட்டை யோசிக்காமல் கைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். முதல் வருஷம் படிக்கிறவர்கள்கூட இதைச் செய்ய மாட்டார்கள். வேறு யாராவது இப்படி ஒரு பரிசோதனையை எழுதி அனுப்பியிருந்தால், இதிலிருந்து ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்று ஒரு வரி எழுதி அன்றைக்கே திருப்பியிருப்பாள்.

திரும்பச் செய்து பார்க்க வேண்டும். அந்த நினைப்பு பழக்கத்தில் வந்தது, வந்த பிறகுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு பெரிதாகிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலை வாடகைக் கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டு போன இடத்தில் தரையில் அதன் கால்களின் தடம் மட்டும் இருந்தது. சாயங்காலம், அப்பாவோடு கூட வேலை பார்த்த ஒரு பெரியவர் தாமதமாகத் தகவல் தெரிந்து வந்தார். அப்பாவும் அவரும் ஒரு தடவை லிஃப்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டதையும், பழுது பார்க்க வந்தவர்களைப் பழுது பார்க்க ஆள் வரவேண்டியதானதையும் சொல்லிக் கொஞ்சம் சிரித்தார். கிளம்பும்போது சின்னவளிடம் கேட்டார்.

“கடைசியா ஏதாச்சும் சொன்னாராம்மா?”

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். வீட்டுக்கு வர வேண்டும் என்றார், செய்தி சேனலை மாற்றச் சொன்னார், அக்கா மேல் கோவம் இல்லை என்றார்.

“இல்லீங்க” என்றாள் சின்னவள். “பேச்சு போனதுலேர்ந்து ஒண்ணும் சொல்லல.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். சின்னவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பெரியவள் பின்னாலேயே போனாள்.

“ஏன் அப்பிடிச் சொன்ன?”

“எப்பிடி?”

“ஒண்ணும் சொல்லலன்னு.”

“சொல்லலதானே?” சின்னவள் குழாயைத் திறந்தாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “நானேதான் அமுக்கியிருக்கேன். அன்னிக்கு அந்த மையத்துல அந்தப் பொண்ணு தரையில உக்காந்து அழுதாளே, அவ மாதிரி. பாப்பா விஷயத்துல நீ சொன்னது எனக்கு அப்ப புரியல. இப்பப் புரியுது. உன்னத் தப்பு சொல்லல.”

“இல்லடி. என் டெஸ்ட்தான் தப்பு.”

சின்னவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

“அந்தப் பாட்டப் போட்டிருக்கக் கூடாது. அந்த அடி காதுல விழுந்துக்கிட்டிருந்தா உனக்குக் கையில எதுவும் சரியாத் தெரியாது. அப்பா அமுக்கியிருந்தாலும் தெரியாது. அதுல ஒண்ணுமே நிரூபணம் ஆகல. நான் யோசிக்காமப் பண்ணிட்டேன்.”

“நேத்து ஏன் சொல்லல?”

“நேத்து தோணல. இன்னிக்குத்தான், வண்டிகிட்ட நிக்கிறப்ப…”

“வண்டிகிட்ட” என்றாள் சின்னவள். அவள் கண்ணில் பெரியவளுக்கு நன்றாகப் பழக்கமான ஒரு பார்வை இருந்தது. கண்ணாடியில் தினமும் பார்க்கிற பார்வை. “அந்த மையத்துக்காரங்களும் இப்பிடித்தான் சொன்னாங்கன்னு நீதானே சொன்ன. கொழந்தைக்குத் தூக்கம், ரூம்ல வெளிச்சம் பத்தல, டெஸ்ட் சரியில்லன்னு. தோத்தவங்க எல்லாரும் டெஸ்டத்தான் கொற சொல்லுவாங்கன்னு சொன்ன. எனக்காக நீ பொய் சொல்ல வேணாங்க்கா. உனக்கு வராது.”

“பொய் இல்லடி. நிஜம்.”

“சரி, நிஜம்” என்றாள் சின்னவள், பாப்பாவிடம் சொல்கிற குரலில். அடுப்பில் பாலை வைத்தாள்.

நிஜத்தைச் சொல்லியும் நம்பப்படாமல் போவது எப்படி இருக்கும் என்று பெரியவளுக்கு இன்றுதான் தெரிந்தது. இன்னும் எத்தனை காரணம் எடுத்து வைத்தாலும் அத்தனையும் இரக்கமாகவே தெரியும். சமையல் மேடையில் சாய்ந்து நின்றாள். ஹாலில் பாப்பா ஜன்னல் கம்பியிலிருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றும் சத்தம் கேட்டது.

“நேத்துக் காலைல என்ன கேட்ட?” என்றாள். “என்னப் பத்தி. அத மட்டும் சொல்லு.”

“எதுக்கு? அதுல என்ன ஓட்டைன்னு பாக்கவா?”

“இல்ல.”

சின்னவள் நம்பவில்லை. ஆனாலும் சொன்னாள். “அவருக்கு மூஞ்சி தொடச்சு விட்டுக்கிட்டிருந்தேன். அப்பா, அக்கா வண்டி ஏறிட்டாளாம், வந்துக்கிட்டே இருக்கான்னு சொன்னேன். கண்ணத் தொறக்கல. கையப் பிடிச்சுக்கிட்டு, உங்களுக்கு அவ மேல கோவம் இல்லதானப்பான்னு கேட்டேன். ஒண்ணும் தெரியல. திரும்பக் கேட்டேன். அப்பறம் ஒரு அமுக்கு.”

அப்படிக் கேட்கக் கூடாது. பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்து ஊட்டுகிற கேள்வி அது. அதுவும் பதில் வருகிறவரை திரும்பத் திரும்ப. இப்படி ஒரு கேள்வி கண்ணில் பட்டால் போதும், மேற்கொண்டு ஒரு வரி படிக்காமல் மொத்தத்தையும் தள்ளிவிடுவாள்.

“ரெண்டாவது தடவ கேட்டு எவ்வளவு நேரம் கழிச்சு?”

“தெரியல. தெருவுல ஒரு லாரி போச்சு. அது போனப்பறம்.”

“பலமாவா?”

“இல்ல. மெதுவாத்தான்.”

“விரலாலயா, முழுக் கையாலயா?”

“கட்டை விரல் மட்டும். இங்க.” சின்னவள் ஈரக் கையை நீட்டித் தன் உள்ளங்கையின் ஓரத்தைக் காட்டினாள்.

பெரியவள் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பால் பொங்கி வந்தது. சின்னவள் அடுப்பை அணைத்தாள்.

“இன்னொரு தடவ சொல்லு” என்றாள் பெரியவள். “மொதல்லேர்ந்து.”

சின்னவள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, மேடையில் அவள் பக்கத்தில் வந்து சாய்ந்து நின்று, “மூஞ்சி தொடச்சு விட்டுக்கிட்டிருந்தேன்” என்று ஆரம்பித்தாள்.